காரைக்குடி மாநகராட்சி: வரவு செலவு, வாகன நிறுத்தம், போக்குவரத்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும், செக்காலை சாலையில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காத கதையில் வந்து நிற்கிறது. அந்தப் பேச்சு மாமன்றக் கூட்டத்தை எட்டுவது அரிது. எட்டும்போதும், வரவு செலவுத் திட்டம் நிறைவேறி எந்தப் பணிக்கு எவ்வளவு என்று ஒதுக்கி முடித்த பிறகே எட்டுகிறது. தெருவும் வண்டியும் பேருந்தும் வரிப்பணமும் ஒரே கணக்கின் பகுதிகள் என்பது என் உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தோடுதான், அண்டை அயலாரும் உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

நகராட்சி மாநகராட்சியானதால் நமக்கு என்ன மாறியது?

1928-இல் உருவான காரைக்குடி நகராட்சி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட அண்டை ஊராட்சிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன. நகர்மன்றம் மாமன்றம் ஆயிற்று, தலைவர் மேயர் ஆனார், ஆணையரின் பொறுப்பு பெரிதாயிற்று. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. எனவே பெயர் மாறியதைவிட எல்லை மாறியதே நமக்குப் பெரிய மாற்றம். 2011 கணக்கெடுப்பில் 1,06,714 பேர் வாழ்ந்த ஊருக்கென்று வகுத்த தெரு, வடிகால், பேருந்து நிலையம் ஆகியவற்றைக் கொண்டு இனி அதைவிடப் பெரிய பரப்புக்குச் சேவை செய்தாக வேண்டும்.

வரவு செலவுத் திட்டம் என்று ஒரு புத்தகம் வைக்கிறார்களே, அதை எப்படிப் படிப்பது?

முதலில் அது ஒரே பெட்டி அன்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாநிலத்து நகர்ப்புற உள்ளாட்சிகளின் கணக்கு மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கிறது: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. சம்பை ஊற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் செலவு இரண்டாவது நிதியைச் சேர்ந்தது. சாலை, தெருவிளக்கு, பேருந்து நிலையம், வாகன நிறுத்தம் எல்லாம் முதல் நிதியைச் சேர்ந்தவை. குடிநீர் நிதியில் பணம் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்து நடைபாதை போட முடியாது.

ஒவ்வொரு வரியிலும் அடுத்தடுத்து எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் உத்தேச மதிப்பீடு. பலரும் உத்தேசத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது உண்மைக் கணக்கைத்தான். சாலைப் பராமரிப்புக்குப் போன ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதிய ஒதுக்கீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கிவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

சொந்த வருவாயில் சொத்துவரி முதன்மையானது. காலிமனை வரி, தொழில்வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம் ஆகியவை அடுத்து வருகின்றன. தொழில்வரியை ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவு இடம் தரவில்லை. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து வந்திருக்கிறது. பதினைந்தாவது மத்திய நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை வழங்கப் பரிந்துரைத்த மானியத்தில், நம்மைப் போன்ற நகரங்களுக்குரிய பங்கில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மேலிருந்து வரும் பணத்தில் பெரும்பகுதி இப்படி ஏற்கெனவே முடிச்சுப் போட்டே வருவதால், தெருவைச் சீராக்க மாமன்றம் தன் விருப்பப்படி கையாளக்கூடியது பெரும்பாலும் சொந்த வருவாய்தான்.

பூட்டிக் கிடக்கும் பங்காளி வீட்டுக்கும் சொத்துவரி கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். செட்டிநாட்டின் தனிச் சிக்கல் இது. முகப்பு, வளவு என்னும் நடு முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டுக்கு எட்டுப் பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், மற்றவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். வரிச்சீட்டு காலமான பாட்டையா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும்.

2022-இல் மாநிலம் முழுவதும் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, நம்மைப் போன்ற ஊர்களின் குடியிருப்புகளில் 600 சதுர அடிக்குட்பட்டவற்றுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு என்று வகுத்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் எல்லாமே கடைசிப் படியில் விழுந்தன. வருமானம் எதுவும் தராத, ஓடு மாற்றவே பணம் தேட வேண்டியிருக்கிற வீடுகளுக்கு இது பெரும் சுமை என்பதை மறுக்க முடியாது. மரபுக் கட்டடங்களுக்குத் தனிச் சலுகை கேட்பது நியாயமான கோரிக்கை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சலுகை கேட்பது வேறு, ஆண்டுக்கணக்கில் நிலுவை வைப்பது வேறு. நிலுவை ஏறினால் வட்டியும் ஏறும். அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. பங்காளிகளில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு மற்றவர்களிடம் பங்கு வசூலிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

வரவு செலவுத் திட்டத்துக்கும் தெருவில் வண்டி நிறுத்துவதற்கும் என்ன தொடர்பு?

தெரு என்பது நகரத்தின் நிலம். மாநகராட்சிக் கடைக்கு மாத வாடகை எழுதுகிறோம், சந்தைக்குக் குத்தகை எழுதுகிறோம். அதே ஊரின் மிக விலையுயர்ந்த நிலமான கடைத்தெருவின் ஓரத்தை நாள் முழுவதும் ஒரு கார் வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. எழுதப்படாததால் அது இலவசம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அதன் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள்: நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கி நடக்கும் பாட்டி ஏற்கிறார், திருப்பத்தில் கால்மணி நேரம் நிற்கும் டவுன் பஸ்ஸில் இருக்கும் மாணவி ஏற்கிறார். எந்தத் தெருவோரம் யாருக்கு, எத்தனை நேரம், எந்தக் கட்டணத்தில் என்பது நிலத்தைப் பங்கிடும் முடிவு. அதனால்தான் அது வரவு செலவு விவாதத்தோடு சேர்த்து மன்றத்தில் பேசப்பட வேண்டும் என்கிறேன்.

செக்காலை சாலையில் எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்வது மாநகராட்சியா, காவல்துறையா?

இரண்டும் சேர்ந்தால்தான் நடக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவுப்படி, வாகனங்கள் நிற்கும் இடங்களை மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அதிகாரியோ உள்ளாட்சியைக் கலந்து தீர்மானிக்கலாம். இடையூறாக வண்டியை விட்டுச் செல்வதை 122-ஆவது பிரிவு தடுக்கிறது. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் அப்புறப்படுத்த 127-ஆவது பிரிவு வழி செய்கிறது. அபராதம் விதிப்பது காவல்துறையின் வேலை. கோடு போடுவது, பலகை வைப்பது, நிறுத்துமிடம் கட்டுவது, அதற்குக் கட்டணம் நிர்ணயித்துத் தீர்மானம் போடுவது மாநகராட்சியின் வேலை.

சாலை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலைகளும் மாநகராட்சிக்குச் சொந்தமானவை அல்ல. நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளும் உண்டு. அங்கே ஒரு தடுப்புக் கல் நடுவதற்கும் அந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும். மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்து ஆறு மாதம் காத்திருந்தவர்களை நான் அறிவேன். முதலில் சாலையின் உரிமையாளரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடமே இல்லை என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைத்தெருவில் 100 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓரத்தை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு இணையாக நிறுத்தினால் ஒரு காருக்கு ஏறக்குறைய 6 மீட்டர் வேண்டும். ஆக 16 கார்கள். அதே ஓரத்தில் இருசக்கர வண்டிகளை ஒன்றுக்கு ஒரு மீட்டர் என்று குறுக்காக நிறுத்தினால் 100 வண்டிகள் நிற்கும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றும் இருசக்கர வண்டிக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்றும் இடம் கணக்கிடுகின்றன. ஒரு கார் நிற்கும் பரப்பில் ஆறேழு ஸ்கூட்டர்கள் நிற்கலாம் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அடுத்தது நேரம். அந்த 16 இடங்களிலும் காலை ஒன்பது மணிக்கு வந்த கார்கள் இரவு ஒன்பது மணிவரை நின்றால் அன்றைக்கு 16 பேருக்குத்தான் பயன். ஒவ்வொரு காரும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால் அதே இடம் 192 பேருக்குப் பயன்படும். நிலம் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. பயன் மட்டும் பன்னிரண்டு மடங்காகிறது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கடைத்தெருவில் காலையிலிருந்து இரவுவரை அசையாமல் நிற்கும் வண்டிகளில் பல, அந்தக் கடைகளின் முதலாளிகளும் ஊழியர்களும் வைத்தவை. வாடிக்கையாளருக்கு இடம் இல்லை என்று வருந்துகிறவரின் வண்டியே வாடிக்கையாளரின் இடத்தில் நிற்கிறது. நாள் முழுவதும் நிற்கும் வண்டிகளுக்குச் சற்றுத் தள்ளி ஓரிடம் ஒதுக்கி, கடை வாசலைக் குறுகிய நேரம் வருகிறவர்களுக்கு விட்டாலே பாதி நெருக்கடி தீரும். அடுக்குமாடி நிறுத்தம் கட்டுவதற்கு முன்னால் மாமன்றம் செய்து பார்க்க வேண்டியது இதைத்தான். கோடு போடும் செலவும் பலகை வைக்கும் செலவும் ஒரு கட்டடத்தின் அடித்தளச் செலவுக்கு அருகில்கூட வரா.

கட்டணம் வாங்கினால் வியாபாரம் கெட்டுவிடாதா?

வியாபாரிகளின் அச்சம் புரிகிறது. இருந்தாலும் வாடிக்கையாளரை விரட்டுவது பத்து ரூபாய்க் கட்டணத்தைவிட இடம் தேடி மூன்று சுற்று சுற்றும் அலைச்சல்தான். முதல் அரைமணி நேரம் இலவசம், பிறகு நேரம் ஏற ஏறக் கட்டணம் ஏறும் என்று வைத்தால் மருந்து வாங்க வந்தவர் ஒன்றும் இழக்க மாட்டார். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் மிதிவண்டிக்கும் கட்டணம் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. வசூலாகும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் கழிப்பறைக்கும் செலவிடப்படும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் வியாபாரிகளின் எதிர்ப்பும் தணியும்.

வண்டி நிறுத்துமிடத்தை ஏலம் விட்டால் மாநகராட்சிக்கு நட்டமா, இலாபமா?

ஏலத்துக்கு முன் கணக்குப் போட்டிருந்தால் இலாபம். போடாவிட்டால் குத்தகைதாரருக்கு மட்டும் இலாபம். மேலே சொன்ன 16 கார் இடங்களையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 10 ரூபாய், நாளில் 12 மணி நேரம், சராசரியாகப் பாதி இடம் நிரம்புகிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 960 ரூபாய். 300 நாளைக்கு 2,88,000 ரூபாய். இது வெறும் கற்பனைக் கணக்குதான் என்றாலும், இப்படி ஒரு கணக்கை உறுப்பினர்கள் கையில் வைத்திருந்தால்தான் ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை குறைவா நியாயமா என்று சொல்ல முடியும். எல்லா உறுப்பினர்களிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த ஒரு பக்கக் கணக்கைத்தான்.

குத்தகை நிபந்தனைகளில் மூன்றை மக்கள் கவனிக்க வேண்டும். கட்டணப் பலகை தமிழில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அச்சிட்ட எண்ணுள்ள ரசீது தர வேண்டும். நிர்ணயித்ததைவிடக் கூடுதலாக வசூலித்தால் குத்தகையை நீக்கும் விதி இருக்க வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் என்னிடம் பலகையில் இருந்ததைப்போல் இருமடங்கு வாங்கினார்கள். ரசீது கேட்டபோதுதான் சரியான தொகையைச் சொன்னார்கள். அன்று முதல் ரசீது கேட்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

முகூர்த்த நாளில் எங்கள் தெருவுக்குள் நுழையவே முடிவதில்லை. இதற்கு என்ன செய்யலாம்?

செட்டிநாட்டின் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் நடந்து போகிறவர்களுக்கும் அளந்து போடப்பட்டவை. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அவை வெறிச்சோடிக் கிடக்கும். வைகாசியிலோ தையிலோ ஒரு கல்யாணம், ஓர் அறுபதாம் கல்யாணம் வந்தால் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த உறவுகளின் வேன்கள் ஒரே தெருவில் குவிகின்றன. குன்றக்குடித் தைப்பூசம், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, கொப்புடையம்மன் கோயில் திருவிழா நாட்களிலும் இதே நிலைதான். 20 அடித் தெரு என்பது ஏறக்குறைய 6.1 மீட்டர். இரு பக்கமும் கார் நின்றால் 3.6 மீட்டர் போய்விடும், மிச்சம் 2.5 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவு. பழைய பர்மா தேக்கு உத்தரங்கள் நிறைந்த வீடுகள் வரிசையாக உள்ள தெருவில் இது விளையாட்டான செய்தி அன்று.

தினசரித் தேவைக்கும் திருவிழாத் தேவைக்கும் ஒரே விடை தேடுவதுதான் நாம் செய்யும் தவறு. ஆண்டில் சில பத்து நாட்களின் கூட்டத்துக்காக நிரந்தரக் கட்டடம் கட்டுவது பணத்தை வீணாக்கும். பள்ளி மைதானம், பொட்டல், கோயில் நந்தவனத்தை ஒட்டிய வெற்று நிலம் போன்றவற்றை அந்த நாட்களுக்கு மட்டும் அனுமதி பெற்றுத் திறந்துவிட்டு, அங்கிருந்து மினி பஸ் ஓட்டுவது மலிவானது. குடும்பங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் வீடுகளுக்குப் பின்தெருவிலும் வாசல் இருக்கிறது; ஒரு காலத்தில் வண்டி கட்டிய இடம் அது. விருந்தினரின் வண்டிகளை அங்கே உள்ளே ஏற்றிவிட்டு முன்தெருவை விட்டுவைத்தால் பல்லக்கும் போகும், ஆம்புலன்சும் போகும்.

ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, ஒரு நாளைக்கு மட்டும் ஒருவழிப் பாதையாக்குவது போன்றவற்றுக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். கல்யாண மண்டபங்களைப் பொறுத்தவரை கட்டட விதிகளின்படியே அவை தமக்குரிய வாகன இடத்தைத் தம் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும். திட்ட அனுமதியில் காட்டிய அந்த இடம் இன்று சமையல்கூடமாகவோ கிடங்காகவோ மாறியிருந்தால் மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் புகார் செய்யலாம்.

சுற்றுலா வேன்களை என்ன செய்வது?

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன. பார்க்க வருகிறவர்கள் பெருகுவது நல்லதே. ஆயிரம் ஜன்னல் வீட்டின் வாசலிலும் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் பெரிய வண்டிகள் நேரே வந்து நிற்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் இறக்கிவிட்டு, புறத்தே போய் நின்று, அழைத்தால் திரும்பி வரலாம். தெருக்களைப் பார்க்க வந்தவர்கள் தெருவில் நடப்பதே பொருத்தம்.

பாழடைந்த ஊருணியை மூடி வாகன நிறுத்தமாக்கினால் என்ன?

கூடாது. குளம், குட்டை போன்ற நீர்நிலைகள் சமுதாயச் சொத்து, அவற்றை வேறு பயனுக்கு ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், நம் முன்னோர் கூரை நீரை வளவில் இறக்கி, தெருவழியாக ஊருணிக்குக் கொண்டுபோன ஏற்பாட்டால்தான் மழை குறைந்த இந்தச் சீமையில் ஊர்கள் நிலைத்தன. ஊருணியை மூடினால் மழைக்காலத்தில் அந்த நீர் வண்டி நிறுத்தத்தில்தான் தேங்கும், அடுத்த கோடையில் கிணறு வற்றும்.

தார் போடப் போட எங்கள் வாசல் படிகள் மறைகின்றனவே?

எங்கள் தெருவிலும் அப்படித்தான். மூன்று முறை போட்டதில் இரண்டு படிகள் மறைந்துவிட்டன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று மாநில அரசு 2021-இல் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. மதிப்பீட்டிலேயே சுரண்டும் செலவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பணி தொடங்கும் முன் கேளுங்கள். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருக்களில் குழியை இறுக மூடிய பிறகே சாலை போட வேண்டும் என்பதும் இதே வகைதான். அவசரத்தில் போட்ட சாலை அடுத்த மழையிலேயே அமுங்குகிறது, அதே தெருவுக்கு அதே பணம் மறுபடியும் ஒதுக்கப்படுகிறது.

நடைபாதைக் கடைகளை அகற்றிவிட்டால் இடம் கிடைத்துவிடும் அல்லவா?

பூக்காரம்மாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் காரை நிறுத்துவதற்குச் சட்டமும் இடம் தரவில்லை, என் மனமும் இடம் தரவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழு அமைத்துக் கணக்கெடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் பழைய நகராட்சி எல்லைக்குள் மட்டும் ஏறக்குறைய 2,670 பேர். ஆகவே விற்பனை மண்டலம், நடைபாதை, வண்டி நிறுத்தம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து வரைந்தால்தான் எதுவும் நிலைக்கும்.

மாநகராட்சியே பேருந்து விடலாமே?

இப்போதுள்ள ஏற்பாட்டில் பேருந்து விடுவது அரசுப் போக்குவரத்துக் கழகமும் தனியாரும்தான். முன்பு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் என்று நாம் அழைத்தது இன்று கும்பகோணம் கழகத்தின் காரைக்குடி மண்டலமாக இயங்குகிறது. தனியார் பேருந்துக்கும் மினி பஸ்ஸுக்கும் வழித்தட அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையம்.

ஆனால் பேருந்து எங்கே நிற்க வேண்டும், நிற்குமிடத்தில் நிழலும் விளக்கும் இருக்க வேண்டுமா, பேருந்து வரும் சாலையில் கார் நிற்கலாமா என்பவை மாநகராட்சியின் கைக்கு எட்டியவை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, கோட்டையூரிலிருந்து கடை வேலைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு அந்த மிச்சம் மாதக் கணக்கில் பெரிய தொகை ஆயிற்று. அவர் இறங்கும் நிறுத்தத்தில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை என்றால் அது மாமன்றத்தின் குறை. 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் அனுமதித்து, அதில் 65 விழுக்காடாவது பேருந்து வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும் என்றது. புதிதாக இணைந்த பகுதிகளிலிருந்து அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் இரண்டு பேருந்து நிலையங்களுக்கும் எந்த வழித்தடம் தேவை என்று மாமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்பலாம். ஒருவர் எழுதும் கடிதத்தைவிட மன்றத் தீர்மானத்துக்கு எடை அதிகம்.

மாமன்றக் கூட்டத்தில் நான் பேசலாமா?

பேசும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டுமே. நீங்கள் பேசக்கூடிய இடம் பகுதி சபை. நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி நாளில் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் அதன் உறுப்பினர்கள். எந்தப் பணி முதலில் வேண்டும் என்று அங்கே வரிசைப்படுத்தலாம்.

நேரம்தான் முக்கியம். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குவதால் வரவு செலவுத் திட்டம் அதற்குள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அலுவலகத்தில் மதிப்பீடுகள் தயாராவது அதற்குச் சில மாதங்கள் முன்பே. எனவே கார்த்திகை, மார்கழியிலேயே கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பங்குனியில் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குத்தான்.

தீர்மான நகல், குத்தகை விவரம் எல்லாம் எப்படிப் பெறுவது?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காமல், தீர்மான எண், குத்தகைத் தொகை, ஒப்பந்தக் காலம், செலவான தொகை என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

பகுதி சபையில் கொடுக்க ஒரு மாதிரி மனு எழுதித் தர முடியுமா?

கீழே உள்ளதை உங்கள் தெருவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய வார்டு உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் தெருவின் அகலம் … அடி. திங்கள் முதல் சனி வரை ஆறு நாட்கள், காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தெருவோரம் நின்ற வண்டிகளை எண்ணினோம், பட்டியலை இணைத்துள்ளோம். இரண்டு வேளையும் இடம் மாறாமல் நின்ற வண்டிகள் … ஆகும். தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்டி நிறுத்தக் கோடு போடவும், மறுபக்கத்தில் நடைபாதை அமைக்கவும், பேருந்து நிறுத்தத்தில் நிழற்கூரை அமைக்கவும் வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் வருவாய் மற்றும் மூலதன நிதியின்கீழ் தொகை ஒதுக்கக் கோருகிறோம். காவல்துறையின் ஒப்புதலுக்கு இப்போதே எழுதுமாறும், இப்பொருளை மாமன்றக் கூட்டத்தில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தெருவாசிகள்."